டீசல் முள் காலிக் கோட்டில் நின்றாலும் 12 லிட்டர் இருக்கும் என்று நம்பினேன், வண்டி நின்றுவிட்டது

தக்காளி வண்டி (ஒட்டன்சத்திரம்)

எல்லாருக்கும் வணக்கம். 2003 மாடல் டீசல் பிக்கப், நான் மூணாவது ஓனர். வாங்கி நாலு வருஷம் ஆச்சு. வாங்கின நாள்ல இருந்தே டீசல் முள் குறைச்சுத்தான் காட்டும். கழுத்து வரைக்கும் ஊத்தினாலும் முக்காலுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்கும். காலிக் கோட்டைத் தொட்டதும் பங்க்ல விட்டா 43 லிட்டர் பிடிக்கும். டேங்க் 55 லிட்டர். ஆக 12 லிட்டர் மிச்சம்னு ஒரு கணக்கு. நாலு வருஷம் ஏமாத்தினதே இல்லை.

போன செவ்வாய் விடியக்காலம் மூணு மணிக்குத் தாராபுரம் ரோட்டுல தக்காளி லோடோட நின்னுருச்சு. முள் காலியைத் தொட்டு 70 கிலோமீட்டர் வந்திருப்பேன். என் கணக்குக்கு 130 ஓடணும். கேன்ல டீசல் வாங்கியாந்து ஊத்தி, ஃபில்டர் மேல இருக்கிற கைப்பம்பை அமுக்கி அமுக்கி ஏர் எடுத்ததுல கட்டைவிரல் வீங்கிருச்சு. மண்டிக்குப் போய்ச் சேர்றப்ப விலை இறங்கிருச்சு.

முள் இன்னும் கெட்டுப்போச்சா? டேங்க் ஃப்ளோட் மாத்தணுமா, இல்ல மீட்டர் போர்டையே மாத்தணுமா? டெம்பரேச்சர் முள் ஒழுங்கா வேலை செய்யுது. டீசல் கம்மின்னு எரியற லைட்டு நான் பார்த்து எரிஞ்சதே இல்லை.

சும்மா போறவன்

அண்ணே, பாதிக்குக் கீழ இறக்காம ஓட்டுங்க. முடிஞ்சது சோலி.

தக்காளி வண்டி

அந்தக் காசை எப்பவும் டேங்க்லயே முடக்கி வெச்சிருக்க என்னால முடியாது தம்பி.

பழைய இரும்பு (நாமக்கல்)

ஃப்ளோட்தான். 20 வருஷ வண்டில உள்ள இருக்கிற சுருள் தேஞ்சிருக்கும். ஆனா வாங்கும்போது பார்த்து வாங்குங்க, என் கதை ஒண்ணு சொல்றேன். கடைக்காரர் "எல்லா வண்டிக்கும் சேரும்"னு ஒரு ஃப்ளோட் குடுத்தார். மாட்டி, டேங்க்கை ஃபுல் பண்ணி சாவியைப் போட்டா முள் காலிக்குக் கீழ. ஓட ஓட முள் மேல ஏறுது! டீசல் தானா ஊறுதுன்னு பசங்க ஒரு வாரம் என்னை ஓட்டினாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, அது தடை 10-ல இருந்து 180 ஓம் வரைக்கும் போற ஐரோப்பிய வகை. காலில 10, ஃபுல்ல 180. என் மீட்டருக்கு வேணுங்கறது அப்படியே தலைகீழ்.

மின்கம்பி (கோவை)

பழைய இரும்பு சொன்ன கதையிலேயே பாடம் இருக்குதுங்க. அதனால தம்பி, ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. 31 வருஷம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருந்தேன். டீசல் முள் தப்புன்னு வந்த வண்டியில நல்ல ஃப்ளோட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு வந்தவங்கதான் பாதிப்பேர்.

இந்தச் சுத்துல மொத்தம் மூணே ஆள்தான். டேஷ்போர்டுல மீட்டர். டேங்க்ல ஃப்ளோட், அது ஒரு கையை ஏத்தி இறக்கி ஒரு தடைச் சுருள் மேல தேய்க்குது. மூணாவது, யாரும் கண்டுக்காத ஆள், எர்த் வயர். கரண்டு மீட்டர் வழியா வந்து ஃப்ளோட்டுக்குள்ள போய் எர்த் வழியா சேசிஸுக்கு, அதாவது வண்டியோட இரும்புச் சட்டத்துக்கு, திரும்பணும். எர்த் போல்ட்டுல துரு இருந்தா அந்தத் துருவும் ஒரு தடைதான். மீட்டருக்கு ஃப்ளோட் எது, துரு எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ரெண்டையும் கூட்டித்தான் காட்டும்.

உங்க முள் ஃபுல்லுலயும் குறைவா காட்டுது, காலிலயும் முன்கூட்டியே காலின்னு சொல்லுது. அதாவது எல்லா இடத்துலயும் ஒரே பக்கமா தப்பு. ஃப்ளோட் தேஞ்சா இப்படி வராதுங்க. தேஞ்ச இடத்துல மட்டும் முள் துள்ளும், செத்து விழும், தாண்டினதும் எந்திரிக்கும். ஃப்ளோட் ஓட்டையாகி முழுகினா எப்பவும் காலிதான். ஒரே பக்கமா வழுக்கினா நான் முதல்ல எர்த்தைத்தான் பார்ப்பேன்.

டெம்பரேச்சர் முள் நல்லா இருக்குன்னு நீங்களே எழுதினது பெரிய உதவி. பழைய வண்டிகள்ல ரெண்டு மீட்டருக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல அது 10 வோல்ட். அது கெட்டா ரெண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொல்லும். உங்களுக்கு ஒண்ணுதான் சொல்லுது, அதனால மீட்டர் போர்டை இப்போதைக்கு விட்டுருங்க.

டெட்ராய்ட் மாமா

மின்கம்பி ஐயா சொல்வதில் ஒரு இடம் இடிக்கிறது. இங்கே மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு. கிரவுண்ட் (நீங்கள் சொல்லும் எர்த்) துருப்பிடிப்பது எங்களுக்கு அன்றாடம். என் 1994 மாடல் பிக்கப்பில் கிரவுண்ட் போனபோது முள் கீழே வரவில்லை, ஃபுல்லையும் தாண்டி மேலே போய் ஒட்டிக்கொண்டது. கிரவுண்ட் மோசமானால் முள் மேலேதான் போகும். குறைத்துக் காட்டினால் அது கிரவுண்ட் அல்ல.

மின்கம்பி (கோவை)

உங்க வண்டிக்கு நீங்க சொல்றது சரிங்க. அவர் வண்டிக்கு நான் சொல்றது சரி. அமெரிக்காவுல பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகள்ல காலி 0 ஓம், ஃபுல் 90 ஓம். தடை கூடினா முள் மேல போகும். ஃபோர்டுல 1987-க்கு முன்னாடி காலி 73, ஃபுல் 10, அதுக்கு அப்புறம் தலைகீழாக்கி 16-ல இருந்து 158. ஜப்பான் வண்டிகள்லயும் அந்த வழியில வந்த நம்ம ஊர் வண்டிகள் பலதுலயும் காலி 110 ஓம் பக்கம், ஃபுல் 3, 4 ஓம். அங்க தடை கூடினா முள் கீழ இறங்கும்.

இதுக்குச் சண்டை போடவே வேண்டாம், வண்டியையே கேட்டுரலாம். தம்பி, சாவியை ஆஃப் பண்ணிட்டு டேங்க் கப்ளரை, அதாவது ஃப்ளோட்டுக்குப் போற வயர் இணைப்பை, கழட்டுங்க. சாவியைப் போடுங்க. முள் எந்தப் பக்கம் போகுதுன்னு எழுதுங்க.

டெட்ராய்ட் மாமா

ஒப்புக்கொள்கிறேன். அடுத்த சோதனை, மீட்டர் வயரை எர்த்தில் தொட்டு முள் நகர்கிறதா என்று பார்ப்பது. அதில் கவனம் தேவை. பழைய மீட்டருக்குள்ளே இரட்டை உலோகப் பட்டை சூடாகித்தான் முள்ளை நகர்த்துகிறது. நேரடியாகத் தொட்டு ரொம்ப நேரம் வைத்தால் அது வெந்துபோகும். நடுவில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுத் தொடுங்கள், முள் நகர்ந்ததும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை டேங்க் வாயருகே செய்யவே வேண்டாம், ஒரு பொறி போதும்.

இடையில் ஒரு பழங்கதை. 2004-ல் ப்ளோரிடாவிலும் லூசியானாவிலும் திடீரென்று ஏகப்பட்ட வண்டிகளின் முள் ஒரே சமயத்தில் செத்துப்போனது. விற்ற பெட்ரோலில் கந்தகம் அதிகம். ஃப்ளோட்டின் தொடுமுனை வெள்ளி. வெள்ளிக் கொலுசு கறுப்பது போல அதுவும் கறுத்துவிட்டது. ஃப்ளோட்டே குற்றவாளியாக இருக்கும் நாளும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

வடமராட்சியான்

அண்ணை, உங்கட கதையை வாசிக்கேக்க எனக்கு 2022 ஞாபகம் வந்தது. இலங்கையிலை கியூஆர் கோட் காட்டி, கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு கோட்டாவிலை டீசல் எடுத்த காலம். எங்கட டபிள் கேப்பிலை அரைக்குக் கீழ முள் பொய்தான் சொல்லும். கோட்டா முடியுமட்டும் ஓடுமோ எண்டு தெரியாமல் ஒவ்வொரு பயணமும் நேர்த்திக்கடன் மாதிரி. கடைசியிலை ஐஞ்சு லீற்றர் கான் ஒண்டை வைச்சு, வெறும் டேங்குக்கு ஐஞ்சைஞ்சாய் அளந்து ஊத்தி, ஒவ்வொரு முறையும் முள் எங்கை நிக்குது எண்டு கண்ணாடியிலை பேனையாலை புள்ளி வைச்சனான். மீற்றர் பிழையாய் இருந்தாலும் புள்ளி பிழையாகேல்லை.

ஒண்டு மட்டும் கவனியுங்கோ. ஊத்தினாப் பிறகு ரண்டு நிமிசம் பொறுத்துப் பாருங்கோ, பழைய முள் ஆறுதலாய்த்தான் ஏறும். வாகனம் சமனான நிலத்திலை நிக்கவேணும்.

கயல் (தாராபுரம்)

நீங்க நின்ன ரோடு எங்க தோட்டத்துப் பக்கம்தான் அண்ணா. ஒண்ணு கேக்கலாமா? எல்லாரும் முள் ஏன் குறைவா காட்டுதுன்னு பேசிட்டு இருக்காங்க. குறைவா காட்டுற முள்ளால வண்டி நிக்காதே. நாலு வருஷமா அது உங்களைக் காப்பாத்தித்தான் வந்திருக்கு. நின்ன அன்னைக்கு என்ன மாறுச்சு?

நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஃபுல் பண்ணினப்ப முள் எங்க நின்னுச்சு? கிலோமீட்டர் நோட்டு எழுதறீங்களா?

தக்காளி வண்டி

கயல் தங்கச்சி, இதைப் படிச்சதும் வண்டிக்கு ஓடிப் போய் நோட்டை எடுத்தேன்.

ஃபுல் பண்ணினதுல இருந்து காலிக் கோடு தொடுற வரைக்கும் எப்பவும் 470, 475 கிலோமீட்டர். லோடோட லிட்டருக்கு 11 குடுக்கற வண்டி, 43 லிட்டருக்குச் சரியா இருக்கு. நின்ன தடவை காலியைத் தொட்டது 528-ல. நின்னது 597-ல.

அந்தத் தடவை ஃபுல் பண்ணினப்ப முள் ஃபுல் கோட்டைத் தொட்டுச்சு. நாலு வருஷத்துல முதல் தடவை. பங்க் பையன்கிட்ட "பாரு, அம்மன் கண்ணைத் திறந்துட்டா"ன்னு சொன்னேன்.

கயல் (தாராபுரம்)

அப்ப முள் கெட்டுப்போகலண்ணா. அன்னைக்கு அது சரியாயிடுச்சு. 528-ஐ 11-ஆல வகுத்தா 48 லிட்டர். காலிக் கோட்டுல மிச்சம் 7 தான், 12 இல்லை. முள் உண்மை சொன்ன அன்னைக்கு நீங்க பழைய பொய்யை நம்பி ஓட்டியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி வண்டில ஏதாவது வேலை பார்த்தீங்களா?

பழைய இரும்பு (நாமக்கல்)

அடேங்கப்பா. ஃப்ளோட்தான்னு நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன்.

தக்காளி வண்டி

பாடி கொண்டி பிஞ்சு வெல்டிங் வெச்சேன். நிக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி.

மின்கம்பி (கோவை)

போச்சு, கிடைச்சிருச்சு. வெல்டர் எர்த் கேபிள் கிளிப்பை எங்கே போட்டார்? சேசிஸ்ல சுத்தமான இரும்பு வேணும்னு கம்பி பிரஷ் போட்டுத் தேச்சிருப்பார், பக்கத்து போல்ட்டை முறுக்கியும் இருப்பார். நீங்க கேட்ட கேள்வியை நான் முதல்லயே கேட்டிருக்கணும் கயல் கண்ணு. வயசாகிப்போச்சு, கை நேரா மல்டி மீட்டருக்குத்தான் போகுது.

தம்பி, இப்ப நான் சொல்ற வரிசைல பாருங்க. டேங்க் கப்ளர்ல பெரும்பாலும் மூணு வயர். ஒண்ணு மீட்டருக்கு, ஒண்ணு டீசல் கம்மி லைட்டுக்கு, ஒண்ணு எர்த், பல வண்டில அது கறுப்பு. அந்த எர்த் வயர் சேசிஸ்ல எங்க போய் முடியுதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சாவி ஆஃப். மல்டி மீட்டரை ஓம்ல வெச்சு முதல்ல ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு என்ன காட்டுதுன்னு பாருங்க, அதைப் பின்னாடி கழிச்சுக்கணும். அப்புறம் ஒரு முனை கப்ளர் எர்த் பின்ல, இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ்ல. ஒரு ஓமுக்குக் கீழ இருக்கணும். அளந்துட்டே இருக்கும்போது வயரை ஆட்டிப் பாருங்க. ஆட்டாம அளந்தா பாதி நோய் ஒளிஞ்சுக்கும்.

இன்னொண்ணு, இனிமே வெல்டிங் வெச்சா பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு வைங்க. வெல்டிங் கரண்டு சின்ன எர்த் வயர் வழியா குறுக்கு வழி தேடினா வயரைப் பொசுக்கிரும்.

சும்மா போறவன்

பாப்கார்ன் வாங்கிட்டு வந்துட்டேன். அளங்கண்ணே.

தக்காளி வண்டி

ரெண்டு நாள் லோடு, இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுது. வெள்ளிக்கிழமை நல்ல மழை. இன்னைக்குக் காலையில ஃபுல் பண்ணினா முள் மறுபடி முக்காலுக்குக் கீழ! அதே பழைய இடம்.

கப்ளரைக் கழட்டி சாவி போட்டேன், முள் காலிக்கும் கீழ போய்ப் படுத்துருச்சு. மீட்டர் வயரை 10 ஓம் வழியா எர்த்துல தொட்டேன், ஃபுல்லுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஏறுச்சு. ஆக மீட்டர் நல்லாத்தான் இருக்கு, மின்கம்பி ஐயா சொன்ன ஜப்பான் வகைதான். ஃப்ளோட்டைக் கப்ளர்லயே அளந்தேன், ஃபுல் டேங்க்ல 4 ஓம்.

எர்த்: பேட்டரி நெகட்டிவுக்கு 17 ஓம். விரலால லக்கை (வயர் நுனியில போல்ட்டுல மாட்டுற வளையம்) அமுக்கினா 1. விட்டா 17. ஆட்டினா 9, 14, 20-ன்னு ஆடுது. லக்கோட கண்ணு பச்சை பூத்து, அடியில துரு செதில் செதிலா இருக்கு. போல்ட்டுக்குச் சுத்தி வெல்டர் தேச்ச பளபளப்பு இன்னும் தெரியுது, அதுலயும் இப்ப செம்மண் கலர்ல புதுத் துரு. நட்டு கையால திருகுற அளவுக்கு லூஸ். நாலு வருஷம் என்னோட ஓடுனது இந்தப் போல்ட்டுதான்!

மின்கம்பி (கோவை)

4 கூட 17, ஆக 21 ஓம். அந்த வகையில அரை டேங்க் 32 ஓம் பக்கம் வரும். 21-க்கு முக்காலுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்கும். நீங்க முதல் நாள் எழுதின அதே இடம்.

லக்கைத் தேச்சு மறுபடி போடாதீங்க, வெட்டிட்டுப் புதுசு அமுக்கிப் போடுங்க. அந்தப் பச்சைப் பூப்பு வயருக்குள்ள எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு தோலை உரிச்சுப் பாருங்க, பளிச்சுன்னு செம்பு தெரியற வரைக்கும் வெட்டணும். சேசிஸை உப்புத்தாள் போட்டு வெள்ளையா தேய்ங்க. பல்லு வாஷர் போட்டு முறுக்குங்க. முறுக்கின பிறகு மேல வாசலின் தடவுங்க, முன்னாடி இல்லை. மனசு ஆறலைன்னா அதே எடத்துல இருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியா ஒரு வயர் இழுத்துருங்க.

வடமராட்சியான்

லைற்றையும் இப்பவே பாருங்கோ அண்ணை. அது ஃப்ளோட்டோட அடியிலை ஒரு சின்னத் தெர்மிஸ்டர். டீசலுக்குள்ளை இருக்குமட்டும் குளிர்ச்சி, லைற் எரியாது. டீசல் இறங்கி அது வெளியிலை வந்தால் தன்ரை சூட்டிலையே தடை குறைஞ்சு லைற் எரியும். அதாலைதான் எரியக் கொஞ்ச நேரம் எடுக்கும். லைற் வயரை எர்த்திலை தொட்டுப் பாருங்கோ. எரியாட்டி பல்ப்தான் பியூஸ்.

தக்காளி வண்டி

பல்ப்தான். உள்ள கறுத்துப் போயிருந்துச்சு. பழைய ஓனர்ல எத்தனையாவது ஆள் காலத்துல போச்சோ.

டெட்ராய்ட் மாமா

அந்த லைட்டும் அதே கிரவுண்டைத்தானே பயன்படுத்துகிறது? பல்ப் நல்லதாக இருந்திருந்தாலும் சுமார் வெளிச்சம்தான் வந்திருக்கும். ஒரு போல்ட், இரண்டு நோய்.

தக்காளி வண்டி

ஒரு வாரம் ஓட்டிட்டு வந்து எழுதறேன். லக் 10 ரூபாய், பல்ப் 20 ரூபாய், மல்டி மீட்டர் பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன்கிட்ட ஓசி. எர்த் இப்ப 0.3 ஓம். ஃபுல் பண்ணினா முள் ஃபுல். கூட ஒரு வயர் பேட்டரிக்கும் இழுத்துட்டேன்.

வடமராட்சி அண்ணன் சொன்னபடி அளந்தும் பார்த்தேன். டேங்க் காலியாகற வரைக்கும் பொறுமை இல்லை, அதனால லைட் எரிஞ்சதும் பங்க் ஓரமா சமதளத்துல நிறுத்தி அஞ்சஞ்சு லிட்டரா ஊத்தினேன். லைட் முதல்ல மலை ரோட்டுல, ஏத்தத்துல மட்டும் மினுக்கும். சமதளத்துல நிலையா எரியறப்ப 9 லிட்டர் பக்கம் இருக்கு. காலிக் கோட்டுல 7. கால், அரை ரெண்டும் சரியா வருது. அரைக்கும் முக்காலுக்கும் நடுவுல முள் ஒரு இடத்துல லேசா துள்ளுது, அங்க சுருள் தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். அதுக்காக டேங்க் இறக்கப் போறதில்லை.

மின்கம்பி (கோவை)

இறக்க வேண்டாங்க. அந்தத் துள்ளல் முழுக்கச் செத்துப்போற அன்னைக்குப் பார்த்துக்கலாம். இறக்கறப்ப ஃப்ளோட்டை வெளிய எடுத்து, முள்ளு வெச்ச பழைய மல்டி மீட்டர்ல கையை மெதுவா ஏத்தி இறக்கிப் பாருங்க. டிஜிட்டல்ல அந்த வெட்டு தெரியாது, நம்பர் மாறுறதுக்குள்ள தாண்டிரும்.

கயல் (தாராபுரம்)

சூப்பர்ண்ணா. இனிமே எங்க தோட்டத்துப் பக்கம் நிக்க மாட்டீங்க.

தக்காளி வண்டி

நான் நிக்க மாட்டேன் தங்கச்சி. என் தம்பிதான் பிரச்சினை. எத்தனை தடவை சொன்னாலும் "கோட்டுக்குக் கீழ 12 லிட்டர் இருக்கும்ணே, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க"ங்கறான். சாவி இப்போதைக்கு என் பாக்கெட்லதான் இருக்கு.